குழாய்க்குள் கட்டிய வலை: மலையடிவார ஊர் ஒன்றின் குடிநீரில் கேடிஸ் புழு

பின்னணி

பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் இடையே மலையடிவாரத்தில் உள்ள சிறிய ஊர் அது. அறுபது வீடு இருக்கும். தென்னந்தோப்பும் கொஞ்சம் மல்பெரியும்தான் பிழைப்பு. கூட்டுக் குடிநீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். மற்ற நாளெல்லாம் மலையிலிருந்து இறங்கும் பள்ளத்துத் தண்ணீர்தான் (ஓடையைத்தான் இங்கே பள்ளம் என்பார்கள்). பள்ளத்தின் ஓரத்தில் 3,000 லிட்டர் பிடிக்கும் தொட்டி கட்டி, அங்கிருந்து 63 மி.மீ. கருப்பு பிளாஸ்டிக் குழாயை ஏறக்குறைய 1,200 மீட்டர் பதித்து, ஊருக்குள் உள்ள 20,000 லிட்டர் தரைமட்டத் தொட்டியில் விட்டிருந்தார்கள். மோட்டார் கிடையாது. மேட்டிலிருந்து தாழ்வுக்கு இறங்கும் வேகத்திலேயே தண்ணீர் வந்து சேரும். இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஓயாத ஓட்டம்தான் இந்தக் கதையில் பாதி. அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மலைத் தண்ணீர் என்பதால் பலரும் காய்ச்சாமல்தான் குடிப்பார்கள். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவது மழைக்காலத்தில் மட்டும், அதுவும் யாராவது ஞாபகப்படுத்தினால்.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பக்கத்து ஊர். இதில் நான் எடுத்த முடிவுகளில் ஒன்று தவறு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கண்டது

தை கடைசியில் தண்ணீர் வரத்துக் குறையத் தொடங்கியது. முன்பு ஊர்த் தொட்டியில் விழும் குழாய்க்கு அடியில் 20 லிட்டர் பக்கெட்டை வைத்தால் 25 நொடியில் நிறைந்துவிடும். இப்போது ஒரு நிமிடம் தாண்டியது. கோடைதானே, பள்ளத்திலேயே தண்ணீர் குறைவு என்று முதலில் விட்டுவிட்டார்கள். ஆனால் மேலே உள்ள தொட்டி எப்போதும் நிறைந்து வழிந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர் இருக்கிறது, கீழே வந்து சேரவில்லை.

பிறகு தெருக்குழாயில் புழு வந்தது. ஒரு வீட்டில் குடத்துக்கு அடியில் ஒன்று, இன்னொரு வீட்டில் வடிகட்டிய துணியில் மூன்று. பழுப்பும் பச்சையும் கலந்த உடல், கருத்த தலை, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட நீளம். தொட்டால் சுருண்டு துடித்தது. குச்சிப்புழு என்று பேர் வைத்துவிட்டார்கள். தென்னைக்கு வேர்ப்புழு வந்த தோப்புக்காரர் ஒருவர், இது அந்த இனம்தான், வேரைத் தின்றுவிடும் என்று சொல்ல, பேச்சு குடிநீரிலிருந்து தோப்புக்குத் தாவியது.

முதல் முடிவு: ஐந்து கிலோ பிளீச்சிங்

மாசி முதல் வாரத்தில் நான்கைந்து பேர் மேலே போனார்கள். தொட்டிச் சுவரெல்லாம் புழு. தென்னைக்கு வேரில் கட்டும் மருந்தில் கொஞ்சம் ஊற்றிக் கழுவி விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அதை நிறுத்தியது பட்டுப்புழு வளர்க்கும் ஒரு பெண்மணி. அவர் மல்பெரிக்கு விடுவதும் இதே தண்ணீர். பூச்சிமருந்து வாடை பட்ட இலையைத் தின்றாலே பட்டுப்புழு படுத்துவிடும், புழு வளர்க்கும் ஒரு மனையே போய்விடும் என்பது அவருக்கு அனுபவம். மனிதர் குடிக்கிற தண்ணீர் என்ற காரணத்தைவிட, பட்டுப்புழு செத்துவிடும் என்ற காரணம்தான் அன்று எடுபட்டது. எப்படியோ எடுபட்டதே, அதுவே பெரிது.

மருந்துக்குப் பதில் பிளீச்சிங். புழு மனையைக் கழுவ அவர் வாங்கி வைத்திருந்ததே கையில் இருந்தது. பட்டு வளர்ப்பில் 2 சதவீத பிளீச்சிங் கரைசலில் கொஞ்சம் நீர்த்த சுண்ணாம்பு சேர்த்து மனையைக் கழுவுவது வழக்கம். தொட்டியிலிருந்து ஊருக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு, 5 கிலோவைக் கரைத்து ஊற்றி, ஒரு பொழுது வைத்திருந்து, அடியில் உள்ள கழிவு வால்வைத் திறந்து பள்ளத்துக்குள் விட்டார்கள்.

குடிநீர்த் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்று போடுவார்கள். 3,000 லிட்டருக்கு 12 கிராம். இது நானூறு மடங்குக்கும் மேல். கோடையில் பள்ளத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே முந்நூறு நானூறு மீட்டருக்கு அயிரையும், பாறையில் ஒட்டிக் கிடக்கும் சின்ன மீன்களும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஆடு மேய்க்கிற பையன் வந்து சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது.

தொட்டி சுத்தமானது. வரத்து ஒரு நொடிகூட முன்னேறவில்லை. மூன்றாம் நாள் மறுபடி தெருக்குழாயில் புழு. அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

குழாயை அறுத்தபோது

வால்வை அடைத்துவிட்டு மருந்து ஊற்றினார்கள் என்று கேட்டதுமே சந்தேகம் வந்தது. குழாய்க்குள் ஒரு சொட்டும் போகவில்லையே. தண்ணீர் விடுகிற தம்பியிடம் சொல்லி, தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி குழாயை அறுக்கச் சொன்னேன்.

உள்சுவர் மாட்டு நாக்கு மாதிரி சொரசொரவென்று இருந்தது. பெருவிரல் நுழைகிற துவாரம்தான் மிச்சம். விரலை விட்டுத் தடவினால் பொடிக்கல், மணல், இலைத்துணுக்கு எல்லாம் சேர்த்து ஒட்டிய சிறு சிறு குடில்கள். ஒவ்வொரு குடிலின் வாயிலும் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து ஒரு வலை. துண்டை வெயிலில் திருப்பிப் பிடித்தபோது வலையின் கண்கள் தெரிந்தன, ஒழுங்காகக் கட்டம் போட்ட கொசுவலை போல. பட்டுப்புழு வளர்க்கும் அம்மா ஒரு விரலால் அதை இழுத்துப் பார்த்தார். நீண்டது, அறுபடவில்லை.

“ஏனுங் சார், இது நூலுங்க. நம்ம புழு கூடு கட்டறக்கு முன்னால மொதல்ல விடுமே, அந்தப் பஞ்சு மாதிரியே இருக்குதுங்க.”

அவர் சொன்னது மெத்தச் சரி. இது கேடிஸ், தண்ணீருக்குள் புழுவாக வளர்ந்து பிறகு இறக்கை முளைத்துப் பறக்கும் பூச்சி. கேடிஸ் பூச்சி இனமும் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இனமும் பூச்சி வகைப்பாட்டில் அக்கா தங்கை. இரண்டின் புழுவும் வாயோரச் சுரப்பியிலிருந்து பட்டு நூல் விடும். பட்டுப்புழு அதைக் காற்றில் விடுகிறது, கேடிஸ் தண்ணீருக்குள் விடுகிறது. நனைந்த கல்லிலும் ஒட்டும் நூல் அது.

ஐந்தாறு புழுவைத் தண்ணீரோடு வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டுப் பார்த்தோம். தலைக்குப் பின்னால் மூன்று கருத்த ஓடு, ஒன்றன்பின் ஒன்றாக. அடிவயிற்றில் கொத்துக் கொத்தாகச் செவுள். வால் முனையில் இரண்டு கொக்கி, கூடவே குஞ்சம் மாதிரி மயிர்க்கற்றை. மூன்று மார்புக் கண்டத்திலும் ஓடும், வயிற்றில் கொத்துச் செவுளும் இருந்தால் அது ஹைட்ரோசைக்கிடே குடும்பம். வீட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும் கேடிஸ் இல்லை. ஒரே இடத்தில் வலை கட்டி, ஓட்டம் கொண்டுவருவதைத் தின்னும் கேடிஸ். ஓட்டம் நின்றால் அதற்குச் சாப்பாடும் இல்லை, மூச்சுக்குப் போதிய ஆக்சிஜனும் இல்லை. இரவு பகலாக ஓடும் இருட்டுக் குழாய், மீன் இல்லாத இடம். அதற்கு இதைவிட நல்ல ஊர் எங்கே கிடைக்கும்? ஜப்பானில் நீர்மின் நிலையங்களுக்குப் போகும் சுரங்கக் கால்வாய்களில் வலை கட்டும் கேடிஸ் புழுக்கள் சுவரெல்லாம் ஒட்டி நீரோட்டத்தைக் குறைப்பது பழைய தொல்லை. இங்கே அதே சங்கதி இரண்டரை அங்குலக் குழாயில் நடந்திருக்கிறது.

அன்று பொழுது சாய்ந்ததும் தொட்டிப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் இன்னொன்றும் பார்த்தோம். இந்தப் புழுவே வளர்ந்து பறக்கத் தொடங்கிய பழுப்புப் பூச்சிகள், இறக்கையைக் கூரை வீடு மாதிரி மடித்து உட்கார்ந்திருந்தன. உணர்கொம்பு உடம்பைவிட நீளம். அந்துப்பூச்சி என்று எல்லோரும் நினைத்தது அதைத்தான். பிடித்து விரலில் தேய்த்தால் மாவு ஒட்டவில்லை. அந்துப்பூச்சி இறக்கையில் இருப்பது செதில், இதில் இருப்பது மயிர். தை மாதமே விளக்கடியில் கும்பலாக வந்துகொண்டிருந்ததாம். அதை யாரும் தண்ணீரோடு சேர்த்து யோசிக்கவில்லை.

நான் சொன்ன தவறான ஆறுதல்

கூடியிருந்தவர்களுக்கு அன்று இரண்டு விஷயம் சொன்னேன். இந்தப் புழு கடிக்காது, மனிதருக்கு நோய் பரப்பாது, தென்னை வேரைத் தொடாது. இது சரி. இரண்டாவதாக, “கேடிஸ் இருக்குதுன்னா தண்ணி சுத்தம்னு அர்த்தமுங்க” என்றேன். முப்பது வருடம் வகுப்பில் சொன்ன வாக்கியம் அது, தானாக வாயில் வந்துவிட்டது.

பாடமாக அது பொய்யில்லை. புழுப்பருவத்தில் தண்ணீரில் வாழும் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ் என்ற மூன்று பூச்சி இனங்களிலும் எத்தனை வகை இருக்கின்றன என்று எண்ணி ஓடையின் நலத்தைச் சொல்வது உலகம் முழுக்க உள்ள முறை. ஆனால் வகை என்ற சொல்தான் அதில் உயிர். பிரிட்டனில் வகுத்த மதிப்பெண் முறையில் ஒவ்வொரு நீர்ப்பூச்சிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பு உண்டு; அழுக்கைத் தாங்காத குடும்பத்துக்கு மதிப்பு அதிகம். மணல் குழல் கட்டும் லெப்டோசெரிடே கேடிஸுக்கு 10. சாக்கடையிலும் வாழும் செம்புழுவின் குடும்பத்துக்கு 2. இந்த ஹைட்ரோசைக்கிடேவுக்கு 5 தான். கொஞ்சம் கழிவு கலந்தாலும் தாங்கும். தண்ணீரில் மிதந்து வரும் துணுக்கு கூடினால் இன்னும் செழிக்கும். ஒரே குடும்பம் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தால் அது சுத்தத்துக்கு அடையாளமில்லை, மேலே யாரோ சோறு போடுகிறார்கள் என்று பொருள்.

எனக்கு இது தெரியாமல் இல்லை. அந்தக் கூட்டத்தில் யோசிக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு, புழு பயத்தில் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கியிருந்த வீடுகளும் காய்ச்சுவதை நிறுத்திவிட்டன. அடுத்த பத்து நாளில் நான்கு வீட்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரால்தான் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்தபோதுதான் மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று உறைத்தது.

தடுப்பணைக்கு மேலும் கீழும்

போன கோடையில் தொட்டிக்கு 80 மீட்டர் மேலே ஒரு சின்னத் தடுப்பணை கட்டியிருந்தார்கள். ஐப்பசி மழையில் நிறைந்தது. கிணறுகளுக்கு ஊற்று கூடியதில் எல்லோருக்கும் சந்தோஷம். நானும் பாராட்டியவன்தான்.

அணைக்கு மேலே போய் ஒரு சாண் அகலக் கற்களாகப் பத்துப் புரட்டினோம். மணலைப் பொறுக்கி ஒட்டிய குழல், இலையை வட்டமாக நறுக்கி இரண்டு துண்டுக்கு நடுவில் ஒளிந்துகொண்ட புழு, மூன்று வால் மேஃப்ளை, தட்டையாக ஓடும் ஸ்டோன்ஃப்ளை. வலை கட்டும் கேடிஸ் கல்லுக்கு ஒன்றிரண்டுதான். அணைக்குக் கீழே, தொட்டிக்கு மேலே அதே அளவுக் கற்களைப் புரட்டினால் ஒரு கல்லில் முப்பது நாற்பது வலை. மற்ற வகைகளைத் தேட வேண்டியிருந்தது. தேங்கிய நீரில் வளரும் பாசியும் நுண்ணுயிரும் அணை வழிந்து இடைவிடாமல் கீழே வரும். ஏரி, அணைகளின் வாயில் வலைகட்டிக் கேடிஸ் பெருகுவதற்கு இதுதான் காரணம். தொட்டிக்கும் குழாய்க்கும் புழு எங்கிருந்து வந்தது, எதைத் தின்று பெருகியது என்ற இரண்டு கேள்விக்கும் விடை அங்கே கிடந்தது.

அதோடு இன்னொன்றும். தேங்கிய நீரின் கரை முழுக்கக் குளம்படியும் சாணியும். தை முதல் மேயப் போகும் மாடுகளுக்கு அதுதான் தண்ணித்துறை. மத்தியான வெயிலில் இருபது முப்பது மாடு இறங்கி நிற்கும்.

கிராமங்களில் குடிநீர் சோதிக்கக் கொடுக்கும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பி மூன்று வாங்கினோம். மலக்கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் குப்பி கறுத்துவிடும். அணைக்கு மேலே எடுத்தது தெளிவாகவே இருந்தது. அணைத் தண்ணீர் மறுநாள் காலையிலேயே கறுத்தது. தெருக்குழாய்த் தண்ணீர் அன்று மாலை கறுத்தது. மூன்றையும் திண்ணையில் வரிசையாக வைத்தேன். நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதமாக ஊர் புழுவைத் துரத்திக்கொண்டிருந்தது. சாணியை யாரும் பார்க்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அன்றே எல்லா வீட்டுக்கும் சொன்னது: காய்ச்சாமல் குடிக்க வேண்டாம், நான் முன்பு சொன்னது தவறு. இதைச் சொல்ல நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ஊர்த் தொட்டியில் அன்று முதல் தினமும் பிளீச்சிங், 20,000 லிட்டருக்கு 80 கிராம். தெருக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சுகிறதா என்று குளோரோஸ்கோப்பில் பார்ப்பது தண்ணீர் விடுகிற தம்பியின் வேலை. மேலே உள்ள தொட்டியில் மருந்து எதுவும் போடுவதில்லை என்று முடிவு. அங்கே போட்டால் வழிந்து பள்ளத்துக்குத்தான் போகும். குழாய்க்குள் போனாலும் புழு செத்து அழுகும், அழுகலே குளோரினைத் தின்றுவிடும், கல்லும் நூலும் சுவரில் அப்படியே நிற்கும்.

குழாய்க்கு வைத்தியம் ஓட்டத்தை நிறுத்துவதுதான். வால்வை அடைத்து, தாழ்ந்த இடத்தில் திறந்து வடித்து, இரண்டு நாள் காயவிட்டோம். கூட்டுக் குடிநீர் வரும் நாளாகப் பார்த்து ஆரம்பித்ததால் ஊர் தாங்கியது. முதல் 150 மீட்டரில்தான் அடைப்பு அதிகம். சோறு முதலில் வரும் இடம் அதுவே. அதை மூன்றாக அறுத்து, தேங்காய்நார்க் கயிற்றில் சாக்கை உருண்டையாகக் கட்டி இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்தார்கள். இரண்டு அன்னக்கூடை கருஞ்சேறு வந்தது. தென்னைக்குப் போட்டார்கள். வேர்ப்புழு என்று பயந்தவர்தான் முதல் கூடையைக் கேட்டு வாங்கினார்.

தொட்டி வாயில் வலைத்தகடு போதும் என்றார் ஒருவர். முட்டையிலிருந்து வந்த புதுப்புழு ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிது, எந்தத் தகட்டிலும் நுழையும். தவிர, தகட்டின் மேலேயே வலை கட்டும். ஆகவே தொட்டிக்கு முன்னால் ஜல்லியும் மணலும் அடுக்கிய வடிகட்டித் தொட்டி ஒன்று. அது புழுவைத் தடுப்பதைவிட, அதன் சாப்பாட்டைத் தடுக்கும். இத்துடன் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, கூட்டுக் குடிநீர் வரும் நாளில், குழாயை அடைத்துக் காயவிடுவது.

மாட்டுக்காரர்களைத் திட்டி விரட்டினால் ராத்திரி வேலி பிரிந்துவிடும். அவர்களையும் உட்கார வைத்துப் பேசியதில், தொட்டிக்கு வெகு கீழே தண்ணித் தாழி ஒன்று கட்டி, வழிகிற நீரை அதற்குத் திருப்பிய பிறகு, அணைக்கரையில் கிளுவை ஊன்றி வேலி போட ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்து நடந்தது

குழாய் இழுத்த அன்றே பக்கெட் 28 நொடியில் நிறைந்தது. பழைய 25 வரவில்லை. மீதி ஆயிரம் மீட்டருக்குள் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இரண்டு வாரம் கழித்துத் தெருக்குழாய்க் குப்பி கறுக்கவில்லை. அணைக் குப்பி கறுத்தது. கிளுவை தழைத்து வேலியாக நாளாகும்.

வடிகட்டி ஆனி மழையில் தோற்றது. கலங்கல் வந்து மணல் அடைத்துக்கொள்ள, தண்ணீர் வரவில்லையென்று யாரோ அதைச் சுற்றி நேராகக் குழாயை மாட்டிவிட்டார்கள். மூன்று வாரம் அப்படியே ஓடியது. ஆவணியில் அறுத்துப் பார்த்தபோது சுவரில் புது வலை. மணல் மேலடுக்கை வாரிக் கழுவ மாதம் ஒரு வீடு என்று முறை வைத்த பிறகுதான் வடிகட்டி உருப்பட்டது.

பிளீச்சிங் போன பள்ளத்தைத் தனியாகப் பார்த்து வந்தேன். முதல் இரண்டு வாரம் கல்லுக்கடியில் பாசிதான். பிறகு மேலிருந்து அடித்து வரப்பட்டுச் சின்ன மேஃப்ளையும் கருப்பு ஈயின் புழுவும் முதலில் குடியேறின. வலைக் கேடிஸ் சித்திரைக்குள் வந்துவிட்டது. மணல் குழல் கட்டுவது ஆவணியில்தான் ஒன்று கண்ணில் பட்டது. இலை வீட்டுக்காரனை இதை எழுதும் வரை அந்த இடத்தில் பார்க்கவில்லை. அயிரை வந்துவிட்டது.

மறுபடி செய்தால் மாற்றுவது

குழாயை முதல் நாளே அறுத்திருக்க வேண்டும். தொட்டி வழிகிறது, ஊரில் வரவில்லை என்றால் கோளாறு நடுவில்தான். இதைக் கண்டுபிடிக்க விலங்கியல் தேவையில்லை, ஒரு ரம்பம் போதும்.

குப்பிச் சோதனை புழுவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற புழு அருவருப்பைத் தருகிறது, அருவருப்பு கேள்வியைத் திருப்பிவிடுகிறது. நான் தட்டில் புழுவைக் காட்டி வியந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த மூன்று குப்பி திண்ணையில் இருந்திருந்தால் பத்து நாள் மிச்சம்.

நீர்ப்பூச்சியை வைத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசும் ஆசிரியர்களும் இயற்கை ஆர்வலர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எந்தக் குடும்பம், கூட வேறு யார் இருக்கிறார்கள், சந்தேகப்படும் இடத்துக்கு மேலும் கீழும் என்ன வித்தியாசம் என்று பார்க்காமல் சுத்தம் என்ற சொல்லை வாயிலிருந்து விடக்கூடாது. பள்ளம் நன்றாக இருப்பதும் தண்ணீர் குடிக்கத் தக்கதாக இருப்பதும் வேறு வேறு. அணைக்கு மேலே எடுத்த தெளிந்த குப்பித் தண்ணீரையும் நான் இப்போது காய்ச்சித்தான் குடிக்கிறேன்.

தடுப்பணை கட்டும்போதே கீழே குடிநீர் வாய் இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். தொட்டி வாயை அணைக்கு மேலே மாற்றுவது பற்றி ஊரில் பேச்சு நடக்கிறது. நூறு மீட்டர் குழாய் கூடுதலாக வேண்டும், பணம் சேரவில்லை. பட்டுப்புழு வளர்க்கும் அம்மா வீட்டு முற்றத்தில் அந்த வெள்ளைத் தட்டு இன்னும் இருக்கிறது. குழாய் காயவிடும் நாளில் கழிவு வால்வில் வருவதை அதில் பிடித்து, புழுவை எண்ணி, காலண்டர் தாளில் எழுதி வைக்கிறார். கடைசியாக நான் பார்த்த தாளில் 11 என்று இருந்தது.